முறையும் மறுப்பும்: தென்னாட்டு உறவுமுறைத் திருமணத்தின் வரலாறும் மரபணுவியல் வாதங்களும்

தமிழில் ‘மருமகன்’ என்னும் சொல் இருபொருள் தருவது. ஓர் ஆடவனுக்கு உடன்பிறந்தாள் மகனும் மருமகனே. மகளை மணந்தவனும் மருமகனே. ‘மாமன்’ என்பது தாயின் உடன்பிறந்தானையும் மனைவியின் தந்தையையும் ஒருங்கே குறிக்கும். ‘அத்தை’ தந்தையின் உடன்பிறந்தாளாகவும் கணவனின் தாயாகவும் நிற்பாள். வடமாநிலப் பல்கலைக்கழகங்களில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர் இவ்விடத்தில் சற்று நின்று விளக்க வேண்டியுள்ளது. இந்தியில் ‘மாமா’ வேறு, ‘சசுர்’ வேறு. ‘பாஞ்ஜா’ வேறு, ‘தாமாத்’ வேறு. இரண்டும் ஒன்றாவது எவ்வாறு என்று மாணவர் வினவும்போது, தாய்மாமன் மகளை மணக்கும் வழக்கத்தைச் சொல்லாமல் அச்சொற்களை விளக்க இயலாது. அதைச் சொன்னவுடன் அடுத்த வினா எழும்: அது தீங்கல்லவா? பிறக்கும் குழந்தைக்குக் குறை நேராதா?

அவ்வினாவுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடையிறுப்பது எளிது, ஆனால் பொருந்தாது. உறவுமுறைத் திருமணம் குறித்த மறுப்பு ஒரு காலத்தில் அறநூலின் மறுப்பாக இருந்தது. பின்னர் உயிரியலின் மறுப்பாக மாறியது. அண்மைக் காலத்தில் சட்டத்தின் மறுப்பாகவும் பேசப்படுகிறது. இம்மூன்றும் வெவ்வேறு காரணங்களைக் கொண்டவை. அவற்றைப் பிரித்தறிந்து, உடல்நலம் குறித்த அச்சத்தில் உண்மை எவ்வளவு, அறம் குறித்த வாதத்தில் விடுபட்டது எது என்பவற்றை ஆராய இக்கட்டுரை முயல்கிறது.

சொல்வழிச் சான்று

தமிழ் உறவுப்பெயர்கள் உலக மானிடவியலின் தொடக்கக் காலத்திலேயே அறிஞர் கவனத்தை ஈர்த்தவை. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட தம் பெருநூலில் தமிழ் உறவுமுறையை வட அமெரிக்கத் தொல்குடியினரின் உறவுமுறையோடு ஒப்பிட்டு வியந்தார். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1907இல் இந்தியாவில் மாமன், அத்தை மக்களிடையே நிகழும் மணம் குறித்துத் தனிக்கட்டுரை எழுதினார். பிறமலைக் கள்ளரிடையே கள ஆய்வு செய்த லூயி துய்மோன், திராவிட உறவுச்சொற்கள் குருதியுறவைக் காட்டிலும் மணவுறவையே அடிப்படையாகக் கொண்டவை என 1953இல் நிறுவினார். இக்கருத்தே இன்றளவும் விவாதத்தின் மையமாக உள்ளது.

துய்மோன் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் விரித்துரைத்ததைத் தமிழ்நாட்டுச் சிற்றூரார் இரண்டே சொற்களில் சொல்லிவிடுவர்: பங்காளி, மாமன் மச்சான். சிற்றப்பன், பெரியப்பன் மக்களும் சின்னம்மை, பெரியம்மை மக்களும் உடன்பிறந்தோர். அவரை மணப்பது நினைத்தற்கும் ஒவ்வாதது. மாமன் மக்களும் அத்தை மக்களும் ‘கொண்டான் கொடுத்தான்’ வகையினர். அவரை மணப்பது இயல்பு மட்டுமன்று, பல குடிகளில் உரிமையும் ஆகும். தெலுங்கில் இதனை ‘மேனரிகம்’ என்பர். மலையாளத்தின் ‘முறப்பெண்ணு’ தமிழின் ‘முறைப்பெண்’ணே. இவ்வழக்கம் இன்று மிகவும் அருகிவிட்ட கேரளத்திலும் அச்சொல் நிலைத்திருத்தல் நோக்கத்தக்கது. சொல் வழக்கத்தைவிட நீடித்து வாழும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உறவுச்சொல் இருப்பதாலேயே எல்லோரும் மாமன் மகளை மணந்தனர் என்று கொள்ளலாகாது. தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட ‘திராவிட உறவுமுறை’ குறித்த நூலில் சொல், விதி, நடைமுறை ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்க வேண்டியதன் தேவையை வலியுறுத்தினார். சங்கப் பாடல்களை இத்துறையில் சான்றாக்குவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். குறுந்தொகையின் 40ஆம் பாடலில் தலைவன், தன் பெற்றோரும் தலைவியின் பெற்றோரும் முன்பு உறவினர் அல்லர் என்பதை எடுத்துரைக்கிறான். முறைமணம் அன்று இல்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டலாம். முறைமணமே பெருவழக்காக இருந்தமையால்தான் முறையில்லாக் காதல் பாடற்பொருளாயிற்று என்றும் வாதிடலாம். ஒரு பாடல் இரு முடிவுக்கும் இடந்தருமாயின் அது இரண்டிற்கும் சான்றாகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

கல்வெட்டும் செப்பேடும் இவ்வகையில் உறுதியானவை. ஆந்திர நாட்டு நாகார்ஜுனகொண்டாவின் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், இக்ஷ்வாகு மன்னன் வீரபுருஷதத்தன் தன் அத்தை மகளிரை மணந்த செய்தியைத் தருகின்றன. சோழர், கீழைச் சாளுக்கியர் மணவுறவு இன்னும் விளக்கமானது. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை சாளுக்கிய விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், தன் தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனும் தன் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்த வீடே நான்காம் கட்டத்தில் அரசையும் கொடுத்தது. முறைமணம் உரிமையைக் கடத்தும் வழியாகவும் இயங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

அறநூலாரின் மறுப்பு

மனுநூலின் பதினோராம் இயல் அத்தை மகள், சின்னம்மை பெரியம்மை மகள், மாமன் மகள் ஆகிய மூவரையும் ஒரே நிலையில் விலக்கி, மீறியோர்க்குச் சாந்திராயண நோன்பைக் கழுவாயாக விதிக்கிறது. ஆனால் அதற்கு முற்பட்டதாகக் கருதப்படும் போதாயன தரும சூத்திரம் வேறொரு பார்வையைக் கொண்டது. தென்னாட்டுக்கே உரிய ஐந்து பழக்கங்களுள் மாமன் மகளை மணத்தலும் அத்தை மகளை மணத்தலும் இரண்டு. வடநாட்டுக்கே உரியனவாக அந்நூல் கூறும் ஐந்தனுள் மது அருந்துதல், கம்பளி வணிகம், கடற்செலவு ஆகியவை அடங்கும். அவரவர் நாட்டில் அவரவர் பழக்கம் குற்றமன்று; பிறர் நாட்டுப் பழக்கத்தைக் கைக்கொள்வதே குற்றம் என்பது அவர் துணிபு. கௌதமர் இதனை ஏற்கவில்லை என்பதையும் போதாயனமே பதிவு செய்கிறது. மது அருந்துவதையும் மாமன் மகளை மணப்பதையும் ஒரே தட்டில் வைத்த அந்த நடுநிலை இக்காலத்தார்க்கு நகைப்பூட்டலாம். எனினும் இந்திய அறநூல் மரபில் வட்டார வேறுபாட்டை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இடங்கள் மிகச் சிலவே.

குமாரில பட்டர் தென்னாட்டாரின் இவ்வழக்கத்தைக் கண்டித்தார். அருச்சுனன் தன் தாய்மாமன் மகளாகிய சுபத்திரையை மணந்த செய்தி அவர்க்கு இடராக இருந்தமையால், அவ்வுறவு நேர் உறவன்று என விளக்கம் கூற நேர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்து மாதவர், பராசர நூலுக்கு எழுதிய உரையில் மாமன் மகள் மணத்தை வேதச் சான்று காட்டி நிலைநாட்டினார். இவ்வாதங்களில் எங்கும் குழந்தையின் உடற்குறை பேசப்படவில்லை என்பது முதன்மையானது. அறநூலார் அஞ்சியது பிண்ட உறவின் கலப்பை, நோயை அன்று. முன்னோர் அறிவியல் அறிந்தே விலக்கினர் என்று இக்காலத்தில் எழுதப்படுவதற்கு அந்நூல்களில் அடிப்படையில்லை.

நோய் குறித்த அச்சம்

உயிரியல் சார்ந்த மறுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலைநாட்டில் பிறந்தது. அமெரிக்காவின் கேன்சஸ் 1858இல் இத்தகைய மணத்தைத் தடை செய்தது. தம் மாமன் மகள் எம்மாவை 1839இல் மணந்த சார்லசு டார்வின் தம் பிள்ளைகளின் நலிவு கண்டு அஞ்சினார். 1871ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் இதுபற்றி ஒரு வினா சேர்க்க அவர் முயன்றார், நாடாளுமன்றம் இசையவில்லை. அவர் மகன் ஜார்ஜ் டார்வின் 1875இல் செய்த ஆய்வு, தீங்கு மிகச் சிறிதே என்னும் முடிவுக்கு வந்தது. 1902இல் ஆர்ச்சிபால்ட் காரட், சிறுநீரைக் கருநிறமாக்கும் ஒரு பிறவிக் குறைபாடு உறவினர் மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவதைக் கண்டு, மெண்டலின் விதியோடு அதனை இணைத்தபோதுதான் அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை கிடைத்தது.

அவ்வடிப்படை எளியது. ஒவ்வொரு மனிதரும் தீங்கு தரும் சில ஒடுங்கு மரபணுக்களைத் தம்மை அறியாமலே சுமக்கின்றனர். தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் ஒருங்கே பழுதானால்தான் நோய் வெளிப்படும். மாமன் மகளை மணந்தோரின் குழந்தை, ஒரே முன்னோரிடமிருந்து ஒரே படியை இருவழியிலும் பெறும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகளை மணக்கும் தாய்மாமனின் குழந்தைக்கு அது எட்டில் ஒன்று. உடலின் பெரும்பான்மை மரபணுக்களைப் பொறுத்தவரை மாமன் மகளுக்கும் சிற்றப்பன் மகளுக்கும் வேறுபாடில்லை. பங்காளி, மச்சான் என்னும் பிரிவு சமூகத்தின் பிரிவே. எக்ஸ் குரோமோசோமில் மட்டும் ஒரு நுண்வேறுபாடு உண்டு. ஓர் ஆடவன் அத்தை மகளை மணப்பதால் அவன் மகளுக்கு எக்ஸ் வழி இத்தகைய ஒருமை நேர்வதில்லை. மாமன் மகளை மணந்தால் எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. வழக்கத்தை வகுத்தோர் இதனை அறிந்திருக்க வழியில்லை.

மேற்காட்டிய சோழ, சாளுக்கிய மணங்களை இக்கணக்கில் இட்டுப் பார்க்கலாம். உடன்பிறந்தோர் யாவரும் ஒரே தாய்தந்தையர்க்குப் பிறந்தவர் எனக் கொண்டால், குலோத்துங்கனுக்கு உட்கலப்பு அளவு பதினாறில் ஒன்று, அதாவது 6.25 விழுக்காடு. அவன் மக்களுக்கு அது அறுபத்து நான்கில் ஐந்து, ஏறத்தாழ 7.8 விழுக்காடு. தலைமுறை தோறும் முறைமணம் தொடர்ந்தால் இடர் கூடும். எனினும் அக்காள் மகளை ஒருமுறை மணப்பதால் வரும் 12.5 விழுக்காட்டை அது எட்டவில்லை. உறவுமுறைத் திருமணம் என ஒரே பெயரால் இரண்டையும் சுட்டுவது எவ்வளவு பிழை என்பதை இதனால் அறியலாம்.

நடைமுறையில் இடர் எவ்வளவு? 2002இல் அமெரிக்க மரபணு ஆலோசகர் சங்கம் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, பொதுவாக எல்லோருக்கும் உள்ள பிறவிக் குறை வாய்ப்புக்கு மேல் 1.7 முதல் 2.8 விழுக்காடு வரை கூடும் எனக் கணித்தது. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் பாகிஸ்தானிய மரபினர் உள்ளிட்டோரிடம் நடந்து 2013இல் வெளிவந்த பேராய்வு, பிறவிக் குறை 3 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்வதைக் கண்டது. ‘இருமடங்கு இடர்’ என்றாலும் ‘நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் குறையின்றிப் பிறக்கும்’ என்றாலும் உண்மை ஒன்றே. எதனைச் சொல்கிறோம் என்பது கேட்போர் மனத்தை முற்றிலும் மாற்றிவிடும். மருத்துவர் முதலாவதையும், மணம் பேசுவோர் இரண்டாவதையும் தேர்ந்து சொல்கின்றனர். அறம் இரண்டையும் சேர்த்துச் சொல்வதையே வேண்டும்.

தென்னிந்தியாவில் இத்துறை ஆய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த ஜே. பி. எஸ். ஹால்டேனின் ஊக்கத்தால் அவர் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் உறவு மணங்களை ஆராய்ந்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி. எஸ். எஸ். ராவும் எஸ். ஜி. இன்பராசும் 1970களில் வடஆர்க்காட்டு மக்களிடையே விரிவான ஆய்வை மேற்கொண்டு, எதிர்பார்த்த அளவுக்குத் தீங்கு காணப்படவில்லை என அறிவித்தனர். ஈராயிரம் ஆண்டுகளாக இவ்வழக்கம் நிலவியமையால் கேடான மரபணுக்கள் தாமே கழிந்துபோயிருக்கலாம் என்னும் கருதுகோள் இதனால் வலுப்பெற்றது. தமிழ்ப் பெருமை பேசுவோர்க்கு இக்கருதுகோள் இனிக்கும். ஆயினும் அதனைத் தயக்கத்துடனேயே ஏற்க வேண்டும். பிறவிக் காதுகேளாமை போன்ற, உயிரைப் பறிக்காத குறைகள் அவ்வாறு எளிதில் கழிவதில்லை. தென்னிந்தியக் காதுகேளாதோரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு மரபணு மாற்றமே இதற்குச் சான்று. பின்னர் ஆலன் பிட்டில்ஸ் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, மாமன், அத்தை மக்களை மணந்தோரின் குழந்தைகளிடையே இறப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு மிகுதி என 2010இல் கணித்தார். உறவில் மணப்போர் இளவயதில் மணப்பவர். பெரும்பாலும் சிற்றூரார், கல்வி குறைந்தோர். இக்காரணங்களால் நேரும் குழந்தை இறப்பும் மரபணுவின் கணக்கில் எழுதப்பட்டுவிடும் என்பதையும் மறத்தலாகாது.

சாதி அகமணம்: பேசப்படாத பக்கம்

நலவாழ்வுப் பரப்புரைகள் ‘சொந்தத்தில் மணம் வேண்டாம்’ என்கின்றன. சரி. வெளியே என்பது எங்கே? மாமன் மகளை விலக்கியவர் தம் சாதிக்குள்ளேயே, பல வேளைகளில் தம் உட்பிரிவுக்குள்ளேயே வேறொரு பெண்ணைத் தேடுகிறார். அவள் உறவினள் அல்லள் என்பது மூன்று தலைமுறை நினைவின் அளவில் உண்மை. ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராசும் டேவிட் ரைக் உள்ளிட்ட பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களுள் 81 குழுக்கள், ஒரு சில முன்னோரிடமிருந்து பெருகிய தன்மையில் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதரையும் விஞ்சுவன எனக் கண்டனர். அவற்றுள் 14 குழுக்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்டவை. வைசியர் சமூகத்தில் சிலர்க்கு அறுவை மருத்துவத்தின்போது தரப்படும் தசைதளர்த்தும் மருந்து நெடுநேரம் நீங்காமல் நிற்பது மயக்கவியல் மருத்துவர் நன்கறிந்த செய்தி. அதற்குக் காரணமான நொதிக்குறை இவ்வகை மரபுவழிச் சொத்தே.

கோத்திரம் பார்த்து, ஏழு தலைமுறை விலக்கி மணக்கும் வடநாட்டுக் குழுக்களும் இப்பட்டியலுக்குப் புறம்பானவை அல்ல. தென்னாட்டாரின் முறைமணத்தை நகைப்போர் தம் சாதி அகமணத்தைத் தூய்மை எனக் கொள்வது அறிவியலுக்குப் பொருந்துவதன்று. உடல்நலமே நோக்கமாயின் பரப்புரை சாதி கடந்த மணத்தையும் பேச வேண்டும். அதனைப் பேசாமல் அத்தை மகனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது துணிவின்மை.

பெண்ணின் நிலை

இத்துறையில் அறத்தின் கேள்வி மரபணுவில் தொடங்கினும் அங்கு முடிவதில்லை. டிம் டைசனும் மிக் மூரும் 1983இல் எழுதிய கட்டுரை, தென்னாட்டுப் பெண் வடநாட்டுப் பெண்ணைவிடத் தற்சார்பு மிக்கவளாக இருத்தற்கு உறவுமுறையே காரணம் என வாதிட்டது. அறியாத ஊரில், முகம் காணாத மாமியார் வீட்டில் வாழப் புகுபவளுக்கும், அத்தை வீட்டுக்கு வாழச் செல்பவளுக்கும் வேறுபாடு பெரிது. பிறந்தகத்துக்கும் புக்ககத்துக்கும் இடைவெளி சிறிது. வரதட்சணைச் சுமையும் அந்நாளில் குறைவு. கரின் கபாடியா திருச்சி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு, படித்த, ஊதியம் பெறும் மாப்பிள்ளையை வெளியில் தேடத் தொடங்கியதும் முறைமணம் தளர்ந்து, வரதட்சணை ஏறி, பெண்ணின் மதிப்புத் தாழ்ந்ததை விளக்குகிறது. உறவுமுறைத் திருமணம் குறைந்ததை முன்னேற்றம் என்று மட்டும் எழுதுவோர் இதனைக் கணக்கில் கொள்ளவில்லை.

ஆனால் அதே முறைக்கு மறுபக்கம் உண்டு. ‘முறை’ என்பது ஒழுங்கு மட்டுமன்று, ஒருவனது உரிமையும் ஆகும். உரிமைப்பெண் பிறந்த அன்றே பேசிமுடிக்கப்பட்டவள்; அவள் இசைவை யாரும் கேட்பதில்லை. தாய்மாமன், அக்காள் மகள் மணத்தில் அகவை இடைவெளியும் சேர்ந்துகொள்ளும். மருத்துவ நோக்கில் இடர் மிகுந்ததும் அதுவே, இசைவின் நோக்கில் ஐயம் மிகுந்ததும் அதுவே. குறையுடைய குழந்தை பிறந்துவிட்டால் பழி யார்மேல் விழுகிறது என்பதையும் நோக்க வேண்டும். பேசிமுடித்த பெரியோர் ஒதுங்கிக்கொள்வர். பெற்றவளே வினைப்பயனைச் சுமப்பாள். ஒடுங்கு மரபணு நோயில் தாயின் பங்கும் தந்தையின் பங்கும் சரிபாதி என்னும் ஒரே செய்தியை ஊர்தோறும் சொன்னாலே பல பெண்களின் கண்ணீர் குறையும்.

சட்டமும் மாற்றமும்

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மாமன், அத்தை மக்களிடையே நிகழும் மணத்தைத் தடைசெய்யப்பட்ட உறவில் சேர்த்து, வழக்காறு இடந்தந்தால் செல்லும் என விலக்களித்தது. போதாயனரின் வட்டார நெறியே சட்டமொழியில் மீண்டும் தோன்றியது எனலாம். 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தில் அவ்விலக்கு முதலில் இல்லை; 1963இல்தான் சேர்க்கப்பட்டது. நெருங்கிய உறவினர் மணத்தைத் தடுக்கும் பிரிவை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கைத் தில்லி உயர்நீதிமன்றம் 2024 சனவரியில் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட உத்தரகாண்டின் பொது உரிமையியல் சட்டம், வழக்காற்றுக்கு இடந்தந்தாலும் அது பொதுக்கொள்கைக்கும் ஒழுக்கத்துக்கும் முரணாகாமை வேண்டும் என்கிறது. எவருடைய ஒழுக்கம் என்னும் வினாவைத் தென்னாட்டார் கேட்டே தீர வேண்டும்.

சட்டம் முடிவு செய்வதற்கு முன்பே மக்கள் முடிவு செய்துவருகின்றனர். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய அளவில் ஏறத்தாழ 11 விழுக்காட்டுப் பெண்கள் உறவில் மணந்தவர்கள். தமிழ்நாட்டில் 28, கருநாடகத்தில் 27. நான்கில் ஒன்றுக்குச் சற்று மேலான இவ்வளவு பெரிய தொகையினரைத் தடையால் மாற்ற இயலாது. திருமணத்துக்கு முன் மரபணு ஆலோசனை, குடும்பத்தில் ஏற்கெனவே குறையிருப்பின் அதற்கான பரிசோதனை, பிறந்த குழந்தைக்குக் காதுகேட்கும் திறன் சோதனை ஆகியன வட்ட மருத்துவமனை வரை செல்ல வேண்டும். பெருநகரத்தில் பணம் கொடுப்போர்க்கு மட்டும் கிடைக்கும் அறிவுரை, வடஆர்க்காட்டுச் சிற்றூரில் மணப்போர்க்குப் பயன்படாது.

மாற்றத்தின் அடையாளம் சொற்களிலும் தெரிகிறது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ‘மருமகன்’ என்பதற்கு இருபொருளையும் தருகிறது. நகரத்துப் பிள்ளைகள் அச்சொல்லை மகளின் கணவன் என்றே அறிவர். உடன்பிறந்தாள் மகனைச் சுட்ட அவர்கள் ஆங்கிலச் சொல்லை நாடுகின்றனர். ‘அத்தான்’ திரைப்படத்தில் மிஞ்சியது. அத்தையும் மாமியும் சின்னம்மையும் ‘ஆன்ட்டி’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கினர். அச்சொல் பங்காளி வீட்டையும் மச்சான் வீட்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.